கத்திக்கு முன் கணிப்பு: மலக்குடல் புற்றுநோயின் நிலையறிதல்

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பெற்ற சுகாதார உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள், நால்வர் கூடிய இடத்தில் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படும் பொருளாகும். மலம் கழிக்கும்போது இரத்தம் போவதைக் கணவன் மனைவியிடம் சொல்வதில்லை. தாய் மகளிடம் சொல்வதில்லை. உடம்புச் சூடு என்றும், மூலம் என்றும், காரம் கூடிவிட்டது என்றும் நமக்கு நாமே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறோம். அந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை, பல வேளைகளில் உயிராகவே இருக்கின்றது.

நம் நாட்டின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு, 2012 முதல் 2016 வரையிலான ஐந்தாண்டுக் கணக்கை வெளியிட்டுள்ளது. அதன்படி, பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய், ஆண்களிடையே முதலிடத்திலும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்திலும் இருக்கின்றது. நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர், நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைப் படியேறுகின்றனர் என்பது வருந்தத்தக்க செய்தியாகும்.

படியேறிய பின்னரும் ஒரு தடுமாற்றம் நேர்கின்றது. "கட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வெட்டி எடுக்காமல் அந்தப் படம், இந்தப் படம் என்று வாரக்கணக்கில் அலைய வைக்கிறார்களே! கைவிட்டு விட்டார்களோ?" என்று பலர் மனம் தளர்ந்து போகின்றனர். சிலர் இடையிலேயே மருத்துவத்தை விட்டுவிட்டு நாட்டு மருந்தைத் தேடிச் செல்கின்றனர். அந்த வாரங்களில் மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள், அஃது ஏன் நோயாளிக்கு நன்மை என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கிள்ளான் மண் கற்பித்த பாடம்

இதற்கு நாம் வெகு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மால்கம் வாட்சன் என்னும் அரசாங்க மருத்துவர் 1901 ஆம் ஆண்டில் இதே கிள்ளானுக்கு வந்தார். அக்காலத்தில் கிள்ளானையும் இன்றைய கிள்ளான் துறைமுகத்தையும் மலேரியாக் காய்ச்சல் சூறையாடிக்கொண்டிருந்தது. சதுப்பு நிலங்களை வடியச் செய்து அவர் அந்நோயை அடக்கினார். பின்னர்த் தோட்டந்தோறும் சென்று, பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியோர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார். எந்தத் தோட்டத்தில் நோய் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதை அந்தக் கணக்கே காட்டியது.

அவர் கண்ட உண்மை ஒன்று இங்கு நினைக்கத் தக்கது. கரையோரச் சமவெளியில் காட்டை அழித்து நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. ஆனால் மலைச் சரிவுத் தோட்டங்களில் அதே முறையைக் கையாண்டபோது காய்ச்சல் பெருகியது. வெயில் படும் ஓடைகளில் வளரும் வேறு வகைக் கொசு அங்கே பரவியதே காரணம். அங்கு நிலத்தடிக் குழாய் பதித்து நீரைக் கொண்டுசெல்வது போன்ற வேறு வழிகள் தேவைப்பட்டன. நோய் ஒன்றே, அது குடிகொண்ட இடம் வேறானபோது மருந்தும் வேறாயிற்று. மலக்குடல் புற்றுநோயிலும் இதே நியதியைத்தான் நாம் காண்கிறோம்.

பட்டையை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி. ஆசனவாய்க்கு மேலே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் சுவர் பல அடுக்குகளைக் கொண்டது. உள்ளே மெல்லிய சவ்வு, அதனை அடுத்துத் தளர்ந்த திசு, அதற்கும் வெளியே தசை. தசைக்கு அப்பால் கொழுப்புத் திசு சூழ்ந்திருக்கும். அக்கொழுப்புக்குள் நிணநீர்க் கணுக்கள் பதிந்திருக்கும். இவை யாவற்றையும் மெல்லிய உறை ஒன்று போர்த்தியிருக்கும்.

அடுக்குகளைப் பற்றிப் பால்மரம் வெட்டும் கைகளுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. உளி பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நூலிழை ஆழம் கூடினால் மரத்தில் காயம் விழும் என்பதும் தெரியும். புற்றுநோய், குடலின் உட்பக்கத்தில் தோன்றி, அடுக்கு அடுக்காக வெளிநோக்கித் துளைத்துச் செல்கின்றது. அஃது எந்த அடுக்கு வரை சென்றுள்ளது என்பதே மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி.

இரண்டாம் கேள்வி, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியுள்ளதா என்பது. வெண்வேர் நோய் கண்ட மரத்தை அகற்றும்போது, அண்டை மரங்களின் தூரடியையும் தோண்டிப் பார்ப்பது தோட்டத்து வழக்கம் அன்றோ? இலை பழுத்துக் காட்டும் வரை காத்திருந்தால் வேர் போய்விட்டிருக்கும்.

மூன்றாம் கேள்வி, கல்லீரல், நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புகளுக்குச் சென்றுள்ளதா என்பது.

இம்மூன்று விடைகளையும் கூட்டியே நோயின் நிலையைக் குறிக்கின்றனர். கட்டி குடற்சுவருக்குள்ளேயே அடங்கியிருந்தால் முதல் நிலை. சுவரைத் தாண்டியும் கணுக்களைத் தொடாதிருந்தால் இரண்டாம் நிலை. கணுக்களில் பரவியிருந்தால் மூன்றாம் நிலை. தூரத்து உறுப்புகளை எட்டியிருந்தால் நான்காம் நிலை.

இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய கத்பர்ட் டியூக்ஸ் என்னும் அறிஞர், மலக்குடல் புற்றுநோயை இவ்வாறு வகைப்படுத்தும் முறையை 1932 இல் வெளியிட்டார். ஆயினும் அவர் ஆராய்ந்தது, அறுத்து எடுத்த பின் கைக்கு வந்த குடலையே. இக்காலத்தில் கத்தி படுவதற்கு முன்னரே நிலையை மதிப்பிட முடிகின்றது. நோயாளியின் நலத்தில் பெரும் மாறுதலைக் கொணர்ந்தது இதுவேயாகும்.

என்னென்ன சோதனைகள்?

முதலாவது, விரற்சோதனை. மருத்துவர் உறையணிந்த விரலால் ஆசனவாயினுள் தொட்டுப் பார்ப்பார். கூச்சம் தரும் சோதனைதான். ஆனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தாழ்வான இடத்திலுள்ள கட்டிகள் பலவற்றை விரலே கண்டுபிடித்து விடுகின்றது.

இரண்டாவது, கோலனோஸ்கோப்பி. விளக்கும் படக்கருவியும் பொருத்திய நெகிழ்குழாயைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். புற்றுநோய்தான் என்பதை இந்தத் திசுச் சோதனையே உறுதிப்படுத்தும்.

மூன்றாவது, இடுப்புப் பகுதியின் எம்.ஆர்.ஐ. காந்தப் படம். குடலின் அடுக்குகளையும், கணுக்களையும், வெளியுறையையும் பிரித்துக் காட்டுவது இதுவே. கட்டியின் விளிம்பு வெளியுறையிலிருந்து 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தால், உடனே அறுவை செய்வதில் நோயின் எச்சம் உள்ளே தங்கிவிடும் அபாயம் உண்டு. அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்டறியவே இப்படம் எடுக்கப்படுகின்றது. வலி கிடையாது, ஆனால் ஓசை மிகுந்த குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். உடம்பில் இதயக் கருவியோ உலோகத் துண்டோ பொருத்தப்பட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, மார்பு, வயிறு ஆகியவற்றின் சி.டி. படம். கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் நோய் சென்றுள்ளதா என்பதை இது காட்டும்.

இவை யாவும் வந்த பிறகு, அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், படம் பார்க்கும் மருத்துவர், திசு ஆராயும் மருத்துவர் எல்லாரும் ஒருங்கே அமர்ந்து கலந்து பேசி முடிவெடுப்பதே நல்ல முறை. நமது சுகாதார அமைச்சு 2017 இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் அறுவைக்கு முந்திய நிலையறிதலை வலியுறுத்துகின்றது.

மூவருக்கு மூன்று வழி

எடுத்துக்காட்டாக மூவரை எண்ணிக்கொள்வோம். மூவருக்கும் ஒரே வயது. மூவருக்கும் இரத்தம் போகின்றது. மூவருக்கும் மலக்குடலில்தான் கட்டி.

முதல்வரின் கட்டி குடற்சுவருக்குள் அடங்கியுள்ளது. கணுக்களில் நோய் இல்லை. இவருக்கு அறுவை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மிகச் சிறிய, மேலோட்டமான கட்டியாயின், வயிற்றைத் திறக்காமல் ஆசனவாய் வழியாகவே அகற்றிவிடவும் சில வேளைகளில் இயலும். இவருக்குக் கதிர்வீச்சைக் கொடுப்பது தேவையற்ற துன்பமாகும்.

இரண்டாமவரின் கட்டி சுவரைத் துளைத்து வெளியுறையை நெருங்கியுள்ளது, கணுக்களிலும் ஐயம். இவரை உடனே அறுத்தால் கட்டி அதே இடத்தில் மீண்டும் முளைக்கக்கூடும். ஆகவே முதலில் கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து அல்லது ஆறு வாரங்கள், புற்றுநோய் மாத்திரையுடன் சேர்த்துக் கொடுப்பது ஒரு முறை. ஐந்தே நாட்களில் கூடுதல் அளவாகக் கொடுத்து முடிப்பது மற்றொரு முறை. சிலருக்கு ஊசி மருந்துச் சிகிச்சையையும் அறுவைக்கு முன்னரே முடித்துவிடுகின்றனர். கட்டி சுருங்கிய பின், உரிய காலம் பார்த்து அறுவை நடைபெறும்.

மூன்றாமவருக்குக் கல்லீரலிலும் நோய் தென்படுகின்றது. இவருக்கு உடல் முழுவதும் சென்று வேலை செய்யும் மருந்தே பெரும்பாலும் முன்னிற்கும். கல்லீரலில் உள்ளவை சிலவாக இருந்தால் அவற்றையும் வெட்டி எடுக்க வழியுண்டு. குடல் அடைத்துக்கொண்டால், முதலில் அடைப்பை நீக்க வேண்டியிருக்கும். நான்காம் நிலை என்றாலே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று எண்ணுவது தவறு.

நிலையறியாமல் மூவருக்கும் ஒரே கத்தியை எடுத்தால், முதல்வர் தப்பலாம்; இரண்டாமவருக்கு நோய் திரும்பலாம்; மூன்றாமவர் பயனின்றித் துன்புறலாம்.

அறுவைக்குப் பின் கதிர்வீச்சுக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். இக்கேள்வியை ஜெர்மன் மருத்துவர்கள் ஆராய்ந்து 2004 இல் முடிவை வெளியிட்டனர். முன்னதாகக் கதிர்வீச்சும் மருந்தும் பெற்றோரில் நூற்றுக்கு 6 பேருக்கும், பின்னர்ப் பெற்றோரில் நூற்றுக்கு 13 பேருக்கும் ஐந்தாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது. முன்னதாகப் பெற்றோருக்குப் பக்க விளைவுகளும் குறைவாகவே இருந்தன. அறுத்த பிறகு சிறுகுடல் சரிந்து அந்த இடத்தில் இறங்கிவிடுவதால், கதிர் அதன்மீதும் படுகின்றது என்பது ஒரு காரணம்.

இரண்டு பொறிகள்

இங்கு இரண்டு பொறிகளைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறோம்.

ஒன்று, காத்திருக்கும் காலத்தைக் கைவிட்ட காலமாக எண்ணுவது. படங்களுக்காகச் செல்லும் வாரங்கள் வீண் வாரங்கள் அல்ல. ஆயினும் தேதி குறிக்காமல் காத்திருக்கவும் கூடாது. "அடுத்த படம் எந்த நாள்? மருத்துவர்கள் கூடிப் பேசுவது எப்போது? யாரைக் கேட்க வேண்டும்?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று.

மற்றொன்று, நலமாகிவிட்டது என்னும் மயக்கம். கதிர்வீச்சு முடிந்ததும் இரத்தம் நிற்கும், வலி குறையும், உடம்பு தேறும். "இனி ஏன் கத்தி?" என்று தோட்டத்துக்குத் திரும்பி விடுகின்றவர்கள் உண்டு. கட்டி சுருங்கியிருக்கும், அழிந்திருக்க வேண்டுமென்பதில்லை. அது மீண்டும் வளரும்போது, முன்பு திறந்திருந்த வழி அடைபட்டுப் போகலாம். சிலருக்குக் கட்டி அறவே மறைந்துவிடுவதும், அறுவையை ஒத்திவைத்துக் கண்காணிப்பதும் உண்மைதான். பிரேசில் நாட்டு அறுவை மருத்துவர் ஆஞ்சலீட்டா ஹாபர்-காமா இவ்வழியை முன்னெடுத்தார். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர், மீண்டும் படம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்த மருத்துவரே. சில மாதங்களுக்கு ஒருமுறை தவறாது சோதனைக்கு வருவதும் அவ்வழியின் நிபந்தனை. வராமல் இருப்பது கண்காணிப்பு அன்று, ஓடி ஒளிவது.

பையைப் பற்றிய அச்சம்

"வயிற்றில் பை வைத்துவிடுவார்களே" என்னும் அச்சத்தாலேயே பலர் மருத்துவமனையை நாடுவதில்லை. எல்லாருக்கும் பை தேவைப்படுவதில்லை. சிலருக்குத் தைத்த குடல் ஆறும்வரை சில மாதங்களுக்கு மட்டும் வைப்பார்கள். கட்டி ஆசனவாயின் சுருக்குத் தசையைப் பற்றிக்கொண்டிருந்தால் நிரந்தரமாக வைக்க நேரும். எவருக்கு எது என்பதையும் நிலையறிதலே பெரிதும் தெளிவுபடுத்துகின்றது. கட்டியை முன்னதாகச் சுருக்குவதால் சிலருக்குத் தசையைக் காப்பாற்றவும் இயலுகின்றது. நிரந்தரப் பையுடன் வேலைக்குச் செல்பவர்களும், கோவிலுக்கும் கலியாணத்துக்கும் செல்பவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். சட்டைக்குள் இருப்பது பிறருக்குத் தெரிவதில்லை.

பிள்ளைப் பேற்றை எதிர்பார்க்கும் இளவயதினர், கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்னரே அதுபற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

பயணமும் பிழைப்பும்

கதிர்வீச்சுச் சிகிச்சை கோலாலம்பூர்ப் பெரிய மருத்துவமனையிலும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், 2013 இல் தொடங்கப்பெற்ற புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்திலும் அளிக்கப்படுகின்றது. ஐந்து வாரம் நாள்தோறும் செல்வதை நினைத்தே மலைத்துப் போகிறோம். கிள்ளானில் கொமுட்டர் இரயில் ஏறினால் பிரிக்பீல்ட்சை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து மோனோரெயிலில் தித்திவங்சா வரை சென்று, எம்.ஆர்.டி.யில் ஒரு நிலையம் கடந்தால் பெரிய மருத்துவமனை. எல்.ஆர்.டி.யில் சென்றால் யூனிவர்சிட்டி நிலையம். புத்ராஜெயாவுக்கும் அங்கிருந்தே இரயில் உண்டு. பிரிக்பீல்ட்சிலோ பக்கத்திலோ உறவினர் இருந்தால், கூச்சப்படாமல் ஐந்து வாரம் தங்க இடம் கேளுங்கள். உறவு என்பது கலியாணத்துக்கு மட்டும் உரியதன்று.

சம்பளத்தைப் பற்றிய கவலையும் நியாயமானதே. மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலை ஏற்பட்டால், ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் கூடிய விடுப்பு வேலைச் சட்டத்தில் உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் மருத்துவச் சான்றிதழ் பெற்றுத் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். சொல்லாமல் பிரட்டுக்கு வராதிருப்பது பின்னர்த் தொல்லையாக முடியும். நோயினால் உழைக்க இயலாது போனவர்கள், வேண்டிய சந்தா செலுத்தியிருப்பின், சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகநல அதிகாரிகள் இருக்கின்றனர். செலவுக்கு வழியில்லை என்றால் அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

முதல் அடி நம் கையில்

நிலையறிதல் எவ்வளவு நுட்பமாக வளர்ந்திருந்தாலும், முதல் நிலையில் வருபவருக்குத்தான் அஃது எளிய வழியைக் காட்ட முடியும். மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப் போக்கு அல்லது மலச்சிக்கல், போன பின்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, காரணமின்றி உடல் மெலிதல், இரத்தச் சோகையால் வரும் களைப்பு, இவற்றுள் ஒன்று கண்டாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மூலமாகவே இருக்கலாம், இருந்தால் மகிழ்ச்சி. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரேயன்றி நாமல்ல.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை செய்யப்படுகின்றது. சிறு டப்பியில் சிறிதளவு மலம் எடுத்துக் கொடுத்தால் போதும். குறை தென்பட்டால் கோலனோஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்திருந்தால், 50 வயதாகும் வரை காத்திராமல் முன்னதாகவே சொல்லிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே, விடியுமுன் எழுந்து நிரைக்குச் செல்லும் நீங்கள், ஒரு மரத்தின் பட்டையைப் பார்த்தே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடுவீர்கள். அந்தக் கவனத்தில் ஒரு பங்கை உங்கள் உடம்பின்மீதும் வையுங்கள். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், இவ்வுரையைக் கேட்க வராத ஒருவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் மறைத்து வைத்திருக்கும் செய்தி ஒன்று அப்பொழுது வெளிவரக்கூடும். வெளிவந்தால், நாளைக் காலையே அவரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.